வெயிலை அணைத்து வைக்கச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாட்டின் எரிசக்தித் திட்டங்களைத் தீட்டுவோருக்கும் அவற்றில் கையொப்பம் இடுவோருக்கும்,

2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய நாள். வடமராட்சிக் கரையோரத்தில் நான் நடத்தும் அரைவை ஆலையின் வாசலில் காலை ஆறு மணிக்கே ஊறவைத்து வடித்த அரிசியோடு பெண்கள் வந்து நின்றார்கள். வருடத்தில் எனக்கு நல்ல உழைப்புக் கிடைக்கும் நாட்கள் ஐந்தாறுதான். அது அவற்றில் ஒன்று. ஆலைக் கூரையில் பத்து கிலோவாட் சூரியத் தகடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு எடுத்த வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. ஒன்பது மணியளவில் தம்பியின் மகன் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினான். கூரையில் சூரிய மின்சாரம் வைத்திருப்பவர்கள் 21ஆம் திகதி வரை, நாள்தோறும் பகல் மூன்று மணிவரை அதைத் தாமாகவே நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருக்கும், மின்தேவை விழுந்துவிடும், வெயிலோ கொளுத்துகிறது, மின்வலை தாங்காது என்பது காரணம்.

நான் நிறுத்தினேன். அந்த வருடப்பிறப்பு மா, எந்த நாட்டிலோ வெட்டி, கப்பலில் வந்து, நுரைச்சோலை மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியில்தான் அரைபட்டது. முற்றத்தில் காயப்போட்ட மிளகாயைக் காலால் மிதிக்க முடியாத அளவுக்கு வெளியே வெயில்.

நேற்றோடு உங்கள் கெடு முடிந்தது. தகடுகளை மீண்டும் போட்டுவிட்டேன். ஆனால் ஒன்பது நாட்களாக மனத்தில் அரைபட்டுக்கொண்டிருந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கோரிக்கையில் பொய் இல்லை. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அப்பாவின் காலத்தில் இந்த ஆலை ஒரு லிஸ்டர் எஞ்சினில் ஓடியது. அதன் பக்கவாட்டில் மிகக் கனமான ஓர் இரும்புச் சக்கரம் இருந்தது. அரிசிக்குள் கல் அகப்பட்டாலும், அவசரக்காரர் யாராவது ஒரு பெட்டி அரிசியை ஒரேயடியாகக் கொட்டினாலும், எஞ்சின் திணறி நின்றுவிடாமல் காத்தது அந்தச் சக்கரத்தின் பாரம். நுரைச்சோலையிலும் மலையக அணைகளிலும் சுழலும் பெரிய இயந்திரங்கள்தான் நாட்டு மின்வலையின் அந்தச் சக்கரம். என் கூரைத் தகட்டில் சுழலும் பொருள் எதுவும் இல்லை. வலையில் தகடு மிகுந்து சக்கரம் குறைந்தால், ஒரு சின்ன இடறலுக்கும் எல்லாம் படுத்துவிடும். பெப்ரவரி 9ஆம் திகதி அதைத்தானே பார்த்தோம்? அதுவும் ஞாயிறு, அதுவும் வெயில் ஏறிய முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டது. பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரை இருண்டது. அன்றைக்கு வால் நெருப்பால் இலங்கையைக் கொளுத்திய குரங்கு இன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று ஆலைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த நாள் சிரிப்பு அடங்கியது. நுரைச்சோலை ஒருமுறை நின்றால் மீண்டும் எழும்ப நாட்கள் எடுக்கும் என்பதால் மின்வெட்டு வந்தது.

ஆகவே சக்கரம் வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் வழக்கில்லை. 2030க்குள் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களில் இருந்து வர வேண்டும் என்று இலக்கு வைத்தவர்கள் நீங்கள். கூரைச் சூரிய மின்சாரம் 1,000 மெகாவாட்டைத் தாண்டும்வரை இணைப்புக் கொடுத்தவர்களும் நீங்கள். இத்தனை தகட்டுக்கு இத்தனை பாரம் வேண்டும், இத்தனை பற்றரி வேண்டும் என்ற கணக்கு அன்றைக்கே போடக்கூடிய கணக்குத்தான். மாடு வாங்கியவன் கயிறு வாங்க மறந்துவிட்டு, இப்போது மாட்டை விற்றுவிடு என்கிறான்.

அதே பெப்ரவரி 9ஆம் திகதி உலகின் வேறொரு மூலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று சிறிய நாடுகளும் சோவியத் காலத்தில் இருந்து ரஷ்ய மின்வலையிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து வல்லரசு ஒருநாள் ஆளியை அணைத்தால் என்ன செய்வது என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. 8ஆம் திகதி அந்த வலையில் இருந்து கழன்று, 9ஆம் திகதி ஐரோப்பிய வலையோடு சேர்ந்துகொண்டார்கள். விளக்கு அணையவில்லை. காரணம், பல ஆண்டுகள் முன்கூட்டியே ஆயத்தம் செய்தார்கள். எரிபொருளே எரிக்காமல், வலையைத் தாங்குவதற்காக மட்டும் சுழன்றுகொண்டிருக்கும் பாரமான இயந்திரங்களை நிறுவினார்கள். அப்பாவின் இரும்புச் சக்கரத்தின் அதே தத்துவம்தான். நிலக்கரி எரித்தால்தான் சக்கரம் கிடைக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்பது உங்களில் சிலருக்கு விளங்காமல் போகலாம். எரிபொருள் கப்பலில் வருகிறது, வராவிட்டால் நாலு நாள் வரிசை என்ற அளவில்தான் கொழும்பில் இருந்து பார்க்கும்போது தெரியும். எங்களுக்கு அது அப்படி இல்லை.

1990 ஜூனில் எனக்கு வயது இருபது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. தடுக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் பெற்றோலும் டீசலும் இருந்தன. வானொலிக்குப் போடும் பற்றரிகூட இருந்தது. மின்சாரம் போனது போனதுதான், ஆண்டுக்கணக்கில் வரவில்லை. அப்பா லிஸ்டர் எஞ்சினுக்குக் கிறீஸ் பூசி, சாக்கால் மூடிக் கட்டிவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்து மறுபடியும் கிறீஸ் பூசுவார். ஓடாத எஞ்சினை அப்படிப் பார்த்துக்கொண்ட மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை. ஆலைக்காரன் வீட்டில் அம்மா உரலில் மா இடித்தார். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் சிக்கன விளக்கில்தான் என் தங்கைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். மோட்டார் சைக்கிளைச் சிறு போத்தலில் இருந்து நாலைந்து துளி பெற்றோல் விட்டு எழுப்பிவிட்டு, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு போவோம். செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். இன்றைக்கு அதை வீரக் கதையாகச் சொல்கிறார்கள். சுற்றியவனின் கைக்குத்தான் தெரியும்.

பிறகு 2022. இம்முறை தடை போட்டவர் யாரும் இல்லை. டொலர் இல்லை, அவ்வளவுதான். எரிபொருள் ஏற்றிய கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்கிறது, பணம் கட்டினால்தான் இறக்குவார்களாம் என்று செய்தியில் வாசித்தோம். மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. நான் அதற்கு முந்திய மாதம்தான் கடன்பட்டு ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கியிருந்தேன். அதற்கு ஊற்ற டீசல் இல்லை. இரண்டு இரவுகள் எரிபொருள் நிலைய வரிசையில் கலனோடு படுத்தேன். மூன்றாம் நாள் கலனுக்குக் கொடுக்க மாட்டோம், வாகனத்துக்குத்தான் என்றார்கள். தெற்கில் வரிசையில் நின்றபடியே முதியவர்கள் இறந்தார்கள். ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவை தவிர்ந்த எவருக்கும் எரிபொருள் விற்பதே நிறுத்தப்பட்டது. அதன்பின் கியூஆர் அட்டை. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர். ஓகஸ்டில் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய வள்ளக்காரர்கள் எஞ்சினைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் கவிழ்ந்து கிடந்த அம்மாவின் உரலை என் மனைவி நிமிர்த்திக் கழுவினாள். அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஆண்டு தகடுகள் வாங்கினேன். பூமி சூடாவதைத் தடுக்க வாங்கினேன் என்று பெருமை பேச மாட்டேன். உரலைத் திரும்பக் கவிழ்த்து வைப்பதற்காக வாங்கினேன்.

எரிசக்திப் பாதுகாப்பு என்ற சொல்லை நீங்கள் அடிக்கடி பாவிக்கிறீர்கள். யாருடைய பாதுகாப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதற்கு நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளின் கதையைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

என் அக்கா நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்டவர். குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். நாட்டின் மின்வலை அங்கே போகவில்லை. தீவுக்கென்று வைத்த டீசல் ஜெனரேட்டர்கள்தான். வெளிநாட்டு டீசல் கப்பலில் கொழும்புக்கு வந்து, வீதியால் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் கடந்து, கடைசியில் மறுபடியும் கடல் ஏற வேண்டும். அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் அக்கா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி நின்றுவிடும். 2022இல் அவர் இன்சுலின் குப்பிகளை ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்துக் காத்தார். அந்த மே மாதம் இந்தியா 15,000 லீற்றர் மண்ணெண்ணெயைத் தீவகக் கடற்றொழிலாளர் எழுநூறு பேருக்குக் கொடுத்து உதவியது. நன்றி மறக்கவில்லை. ஆனால் பங்கு போட்டால் தலைக்கு இருபத்தொரு லீற்றர். இரண்டொரு நாள் தொழிலுக்கு மேல் காணாது.

இதே தீவுகளுக்குச் சூரியனும் காற்றும் பற்றரியும் சேர்ந்த மின் நிலையங்கள் அமைக்க 2021 ஜனவரியிலேயே அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது. கேள்விப்பத்திரத்தில் தெரிவானது ஒரு சீன நிறுவனம். தீவுகள் இராமேஸ்வரத்துக்கு ஐம்பது கிலோமீற்றர் அளவில்தான் இருக்கின்றன. இந்தியா தன் பாதுகாப்பைச் சொல்லி எதிர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் திட்டத்தை நிறுத்துகிறோம் என்று சீனத் தூதரகம் அறிவித்தது. மாலைதீவின் பன்னிரண்டு தீவுகளில் அதே மாதிரி வேலை கிடைத்துவிட்டது என்றும் சேர்த்துச் சொன்னது. பிறகு இந்தியா 11 மில்லியன் டொலர் நன்கொடையோடு முன்வந்தது. ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச்சில். மூன்று தீவுக்கும் சேர்த்து 2,230 கிலோவாட். என் ஆலைக் கூரை போல இருநூற்றுச் சொச்சம் கூரைகள். அதற்கு இரண்டு வல்லரசுகளும் ஒரு நாட்டின் அமைச்சரவையும் மூன்று ஆண்டுகளும் செலவாகின.

இந்தியாவின் கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. சீனாவின் கோபமும் எனக்கு விளங்குகிறது. இந்தியாவின் பாதுகாப்புப் பேசப்பட்டது, சீனாவின் மானம் பேசப்பட்டது. அந்த மூன்று ஆண்டுகளும், பொருளாதாரம் கவிழ்ந்த 2022 உட்பட, அக்கா டீசல் வெளிச்சத்தில் இருந்ததை எந்த மேசையில் யார் பேசினார்கள்? தகடு எந்த நாட்டில் இருந்து வரலாம், கட்டுப்படுத்தும் கணினி எந்த நாட்டில் இருக்கக்கூடாது என்பதற்கு முன்கூட்டியே ஒரு விதி எழுதி வைத்திருந்தால், கேள்விப்பத்திரம் திறந்தபிறகு இந்த அவமானம் வந்திராது. விதி இல்லாத வீட்டில் பக்கத்து வீட்டுக்காரன்தான் நாட்டாமை.

இனி நீங்கள் போகவிருக்கும் பாதையைப் பற்றிச் சொல்கிறேன்.

நிலக்கரியை விட்டு இயற்கை வாயுவுக்குப் போவோம், அதில் புகை குறைவு என்கிறீர்கள். குறைவுதான். ஆனால் அதுவும் கப்பலில் வருவதுதானே? கெரவலப்பிட்டியில் 350 மெகாவாட் நிலையம் ஒன்று வாயுவை நம்பிக் கட்டப்பட்டது. வாயுவை இறக்கும் முனையம் இன்னும் இல்லை, எண்ணெயை எரித்துக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பக்கத்தில் 2010இல் இருந்து நிற்கும் 300 மெகாவாட் நிலையத்தின் கதையும் அதுவே. கப்பல் வாயுவை நம்பிய அயல் நாடுகளுக்கு 2022இல் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜேர்மனி, தான் இறக்குமதி செய்த வாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிடம் வாங்கிவந்தது. போர் வந்து அது நின்றதும் ஐரோப்பா முழுவதும் சந்தைக்கு வந்து விலையை ஏற்றி அள்ளிக்கொண்டு போனது. பங்களாதேஷ் ஜூலையில் அன்றாடச் சந்தையில் வாயு வாங்குவதையே நிறுத்திவிட்டு மின்வெட்டுக்குத் திரும்பியது. பணக்காரன் குளிர்காய்ந்த விறகு ஏழையின் அடுப்பில் இருந்து போனது. அடுத்தமுறை அந்த அடுப்பு எங்களுடையதாக இருக்கும். கட்டாரில் இருந்து வரும் வாயுவும் வளைகுடா எண்ணெயில் பெரும்பகுதியும் ஹோர்முஸ் நீரிணை என்ற ஒரே வாய்க்கால் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். உலகம் பாவிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதற்குள்ளால் போகிறது. அங்கே யாராவது இருமினால் எங்கள் ஆலை நிற்கும்.

நிலக்கரியில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. கடல் தெரிந்தவனுக்கு அது உடனே படும். நுரைச்சோலைக்கு வரும் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. கரையில் இருந்து தள்ளிக் கடலில் நிற்க, தட்டையான சரக்குப் படகுகளில்தான் நிலக்கரி இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் அந்தக் கடலில் அது நடக்காது. ஆகவே கடல் அடங்கியிருக்கும் மாதங்களிலேயே முழு ஆண்டுக்குமான நிலக்கரியைக் கொண்டுவந்து குவிக்க வேண்டும். அந்த மாதங்களில் டொலர் இல்லையா, அந்த ஆண்டு முழுவதும் நிலக்கரி இல்லை. 900 மெகாவாட், நாட்டின் மிகப் பெரிய மின் நிலையம், இப்படி ஒரு காற்றின் தயவில் நிற்கிறது. இதைத்தான் உறுதியான மின்சாரம் என்றும், என் கூரையை நம்ப முடியாத மின்சாரம் என்றும் சொல்கிறீர்கள்.

இந்தியாவோடு கடலடிக் கம்பி. வருடப்பிறப்புக்கு ஒன்பது நாட்கள் முன்பு, ஏப்ரல் 5ஆம் திகதி, இந்தியப் பிரதமர் கொழும்பில் இருந்தபோது மின்சாரத்தை இறக்கவும் ஏற்றவும் உடன்படிக்கை கைச்சாத்திட்டீர்கள். அதன் முழு வாசகம் எங்கள் கண்ணில் படவில்லை. கம்பி வருவதை நான் எதிர்க்கவில்லை. உண்மையில், என் கூரையை அணைக்கச் சொல்லாமல் அந்த வெயிலை அந்தப் பக்கத்துக்கு விற்க உதவுமானால் நல்லது. ஆனால் பாக்கு நீரிணையில் இரவில் என்ன நடக்கிறது என்று எங்கள் வள்ளக்காரர்களைக் கேளுங்கள். அடியைச் சுரண்டும் இழுவைப் படகுகள் வலையை மட்டுமா அறுக்கின்றன? பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையிலான கடலடிக் கம்பி 2024 நத்தார் அன்று அறுந்தது. ஒரு கப்பலின் நங்கூரம் இழுபட்டது என்ற சந்தேகம். நான்கு மாதமாகியும் அது திருத்தி முடியவில்லை. பெரிய கப்பற்படை உள்ள கடலில் அந்த நிலைமை. எங்கள் கம்பியை யார் காப்பார்கள், அறுந்தால் யார் செலவில் எத்தனை நாளில் பொருத்துவார்கள் என்று அந்த வாசகத்தில் எழுதியிருக்கிறதா?

மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை என்று அதானி நிறுவனத்தோடு பேசியதும், அது இந்தப் பெப்ரவரியில் விலகிப்போனதும் ஊரறிந்தது. அந்த விலை நியாயமா, மன்னாரின் பறவைகளும் வெள்ள வாய்க்கால்களும் என்னாகும் என்பது தனி வழக்கு. மன்னார் மக்கள் அதை என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். ஒற்றைக் கையை நம்பி ஒரு மாகாணத்துக் காற்றைக் கட்டிவைத்தால், அந்தக் கை விலகும் நாளில் காற்று மட்டும்தான் மிஞ்சும் என்பதோடு விடுகிறேன்.

என் தகடுகளும் இறக்குமதிதானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். உலகில் தகடு செய்யும் வேலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவின் கையில். காற்றாலையின் காந்தத்துக்கு வேண்டிய அரிய மண் தனிமங்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்கு இந்த மாதம்தான் அந்த நாடு கட்டுப்பாடு போட்டது. ஒரு வித்தியாசம் இருக்கிறது. டீசல் வராவிட்டால் இன்று மாலையே ஆலை நிற்கும். தகடு வராவிட்டால் புதிய கூரை ஏறாது. ஏறிய கூரை இருபது இருபத்தைந்து ஆண்டு ஓடும். முதலாவது அன்றாடங்காய்ச்சியின் கடன், இரண்டாவது காணி வாங்கிய கடன். இரண்டும் கடன்தான் என்று ஒரே பையில் போடாதீர்கள்.

ஆனால் இந்த இரண்டாவது கடனுக்கும் ஓட்டை உண்டு. கடந்த ஆண்டு, தகட்டு மின்சாரத்தை ஆலைக்கேற்ற மின்சாரமாக மாற்றும் என் இன்வேட்டர் பழுதானது. உள்ளே கருகியது உள்ளங்கை அளவான ஒரு மின்சுற்றுப் பலகை. அதை இங்கே திருத்த ஆளில்லை, மாற்றப் பொருளில்லை. கொழும்பில் விற்ற நிறுவனம் சீனாவுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருங்கள் என்றது. இரண்டு மாதமும் பத்து நாளும் தகடுகள் வெயிலில் சும்மா காய்ந்தன. இதுவே 2022 போல இறக்குமதிக்குப் பூட்டுப்போட்ட காலமாக இருந்திருந்தால்? இன்னொன்று, அந்த இன்வேட்டரை நான் கைபேசியில் பார்க்கலாம். என்னுடைய ஆலை நிற்பதும் ஓடுவதும் வெளிநாட்டில் இருக்கும் ஒரு கணினிக்கு என்னோடு சேர்ந்து தெரியும். தெரிந்தால் நிறுத்தவும் முடியுமா என்று விற்றவரிடம் கேட்டேன். சிரித்தார். இலட்சம் கூரைகளுக்கு அந்தச் சிரிப்பு பதிலாகாது.

இனி நான் கேட்பவை.

வருகிற டிசம்பர் விடுமுறைக்குள், கூரைகளை அணைக்கச் சொல்லும் தேவை எந்த ஆண்டில் தீரும் என்று திகதியோடு அறிவியுங்கள். மின்வலைக்கு எத்தனை மெகாவாட் பற்றரி, நிலக்கரி எரிக்காமல் சுழலும் பார இயந்திரம் எத்தனை, எந்த உப மின்நிலையத்தில், யார் பணத்தில் என்பது அதில் இருக்க வேண்டும். அதுவரை அணைக்கச் சொல்லும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூரைக்காரனுக்கு ஈடு கொடுங்கள். தாமாக முன்வந்து என்று எழுதிவிட்டு வங்கித் தவணையை எங்கள் தலையில் விடுவது நேர்மையில்லை.

வாயுவுக்கு நீண்டகால ஒப்பந்தம் எதுவும், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு கட்டு என்ற நிபந்தனையோடு கையொப்பமிட வேண்டாம். ஏற்கெனவே பேசி முடித்த எந்த வாசகமானாலும், ஏப்ரல் 5ஆம் திகதி உடன்படிக்கை உட்பட, மூன்று மொழிகளிலும் மக்கள் முன் வையுங்கள்.

திருகோணமலைச் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. 2022 ஜனவரியில் அவற்றை இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு 14, அரசுக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த நிறுவனத்துக்கு 61 என்று பங்கு பிரித்துக் கையொப்பமிட்டீர்கள். இரண்டு மாதம் கழித்து நாட்டில் டீசல் இல்லை. இப்போது அதை எரிசக்தி மையமாக்க மூன்று நாடுகள் சேர்ந்து கையொப்பமிட்டிருக்கின்றன. வியாபாரம் நடக்கட்டும். அதில் ஒரு பகுதியை விற்பனைக்கில்லாத இருப்பாக, வைத்தியசாலை, தீவுப் படகு, கடற்றொழில், நெல் அறுவடை ஆகியவற்றுக்கென்று சட்டத்தால் பூட்டி வையுங்கள். நாட்டில் எந்த எரிபொருள் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்பதை வாரந்தோறும் வெளியிடுங்கள். 2022இல் எங்களுக்கு அது தெரிந்திருந்தால் நான் ஜெனரேட்டர் வாங்கியிருக்க மாட்டேன்.

மின்வலையோடு இணையும் இன்வேட்டர்களின் கட்டுப்பாட்டுக் கணினி இந்த நாட்டுக்குள்ளே இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். அந்த விதியைக் கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்பே எல்லா நாட்டுக்கும் பொதுவாக வெளியிடுங்கள். டொலர் தட்டுப்படும் காலத்திலும் சூரிய மின்சார உதிரிப்பாகங்களுக்கு இறக்குமதித் தடை விழக்கூடாது. யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக் கல்லூரிகளில் இன்வேட்டர் பலகை திருத்தும் பாடநெறியை அடுத்த ஆண்டே தொடங்குங்கள். லிஸ்டர் எஞ்சினை ஆறு ஆண்டு கிறீஸ் பூசிக் காத்த ஊர் இது. எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் உள்ளங்கைப் பலகையைத் திருத்த மாட்டார்களா?

மூன்று தீவுகளின் மின் நிலையங்கள் பற்றி மாதத்துக்கொருமுறை தமிழில் ஓர் அறிக்கை வேண்டும்: எந்த வேலை முடிந்தது, டீசல் எத்தனை லீற்றர் குறைந்தது என்று. இறங்குதுறைகளில் ஒட்டினால் போதும். அக்கா வாசித்துவிட்டு எனக்குச் சொல்வார்.

இப்படிக்கு,
வடமராட்சிக் கரையோரத்து அரைவை ஆலைக்காரன்
2025 ஏப்ரல் 22